நீ மட்டும் வாசி

என் முதல் சிநேகிதியின் முகத்தை இரண்டு வருடங்களாக நான் பார்த்ததே இல்லை. அவள் மெல்பேர்னில், பொயிண்ட் குக்கில் இருந்தாள். நான் சிட்னியில், பிளாக்டவுன் ஸ்ரேஷனிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம் தள்ளி இருந்தேன். எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தது ஒரு புத்தகத் தொடர்.

வெள்ளத்தில் பாதி மூழ்கிப்போன ஒரு நகரத்தைப் பற்றிய தொடர் அது. மேல்மாடிகளில் மட்டும் மனிதர்கள் வாழ்வார்கள். ஓர் இளவரசி, ஒரு சாபம், அவளைக் காதலிக்கும் இரண்டு பையன்கள். என் வகுப்புப் பெண்கள் அந்த இரண்டு பையன்களில் யார் நல்லவன் என்று சண்டை பிடிப்பார்கள். எனக்கு இருவரையும் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது இரண்டாம் பாகத்தில் மூன்றே மூன்று பக்கம் வந்துபோகும் ஒரு படகுக்காரி. எழுதியவர் அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. இளவரசியை அக்கரையில் இறக்கிவிட்டுக் கூலி வாங்காமல் திரும்பிப் போவாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவள் எங்கே போனாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

நான் அப்படியான பிள்ளைதான். பிறந்தநாள் வீடுகளுக்குப் போனால் எல்லாருடைய கைப்பைகளும் கோட்டுகளும் குவித்து வைத்திருக்கும் அறையில் போய் இருந்துகொள்வேன். அம்மா கதவைத் திறந்து, "ஏன் பிள்ளை இஞ்ச தனிய இருக்கிறாய்? அன்ரியாக்களோட வந்து இரன்" என்பார். "பின்ன வாறன்" என்பேன். போகமாட்டேன். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் நூலகத்தில்தான். யாரும் என்னைக் கொடுமைப்படுத்தியதில்லை. நான் இருப்பது யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

2009இல் அந்தத் தொடரின் முதல் பாகத்தை எடுத்தேன். அந்த வருடம் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. அம்மாவின் தங்கை வன்னியில் போருக்குள் அகப்பட்டிருந்தார். மாதக்கணக்காக அவரைப் பற்றிய தகவல் இல்லை. அம்மா வேலையால் வந்ததும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பார். அப்பா தொலைக்காட்சியில் செய்தி மாற்றி மாற்றிப் பார்ப்பார். எனக்குப் பன்னிரண்டு வயது. என்ன செய்வதென்று தெரியாமல் அந்த மூழ்கிய நகரத்துக்குள் போய்விட்டேன். சித்தி உயிரோடு முகாமில் இருக்கிறார் என்று செய்தி வந்த நாளில் நான் இரண்டாம் பாகத்தில் இருந்தேன்.

அடுத்த வருடம் ஓர் இணையத்தளத்தைக் கண்டுபிடித்தேன். பிடித்த புத்தகத்தின் ஆட்களை வைத்து வாசகர்களே புதுக் கதைகள் எழுதிப் போடும் தளம். ஃபேன் ஃபிக்‌ஷன் என்பார்கள். அங்கே ஒரு புனைபெயரில் படகுக்காரியின் கதைகளை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினேன். பத்துப் பதினைந்து பேர் வாசித்தார்கள். ஒரு கதையில், படகு கவிழப்போகும் நேரத்தில் அவள் "ஐயோ" என்று கத்துவதாக ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டேன். எனக்கே தெரியாமல் வந்த சொல். மறுநாள் அதன் கீழே ஒருத்தி கேட்டிருந்தாள்: நீ தமிழா?

அவள்தான். அவளுடைய குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. அப்பா கம்ப்யூட்டர் வேலை. அவளும் என் வயதுதான். அவளும் படகுக்காரியைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து பள்ளிக்கூடம் முடிந்து வந்தால் சாட், பிறகு தொலைபேசி. நான் எழுதுவதை அவள் திருத்துவாள். கால்புள்ளி போடத் தெரியாத என்னைத் திட்டுவாள். அவள் எழுதுவதற்கு நான் முடிவு சொல்வேன். அவளுக்குக் கதை தொடங்க வரும், முடிக்க வராது. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். இடைக்கிடை தமிழ் வந்தால் இருவரும் சிரிப்போம். நான் கதிரை என்றால் நாற்காலி என்று அவளுக்குப் புரியாது. ஆமா என்பதற்கு நான் ஓம் என்றால், "ஓம், ஓம்னு சொல்றியே, நீ என்ன சாமியாரா?" என்பாள். நூற்றுக்கணக்கான மணிநேரம் அவளுடைய குரலைக் கேட்டிருப்பேன். கமெராவை மட்டும் இருவரும் போடவே மாட்டோம். நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. முகம் காட்டாமல் இருப்பது இருவருக்கும் வசதியாக இருந்தது.

2012 தொடக்கத்தில் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். அகதிப் படகில் வந்து, தீவு முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, பிறகு தற்காலிக விசாவில் வெளியே விடப்பட்டிருந்தார். அகதி வழக்கு முடியவில்லை. எங்கள் வீட்டில் இரண்டே அறைகள் என்பதால் என் அறையில் இன்னொரு கட்டில் போட்டோம். எனக்கு அது பிடிக்கவில்லை. என் அறை ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. ஆனால் சித்தி என்னைவிட அமைதியானவராக இருந்தார். உணவு பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. விடியப் போனால் பின்னேரம் மூன்று மணிக்கு வந்துவிடுவார். நானும் அந்த நேரத்துக்கு வருவேன். அம்மாவும் அப்பாவும் வர ஆறு மணியாகும். அந்த மூன்று மணிநேரம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவர் உடுப்பு மடிப்பார். நான் கட்டிலில் இருந்து வாசிப்பேன்.

முதல் சில வாரங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள், "ஒரே புத்தகத்தைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறாய். அப்பிடி என்ன இருக்கு அதில?" என்றார்.

எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். 'கேர்ஸ்' என்பதற்கு என்ன தமிழென்று தெரியாமல் தடுமாறியபோது, சாபம் என்று அவரே எடுத்துக் கொடுத்தார். அடுத்த நாள் வேலையால் வந்து, கால் கழுவிவிட்டு, தேநீரோடு கட்டிலில் சாய்ந்து, "சரி, மிச்சத்தைச் சொல்லு" என்றார். இப்படியே அதுவரை வந்திருந்த நான்கு பாகங்களையும் ஒரு மாதத்துக்கு மேலாகச் சொன்னேன். அந்த இளவரசியை அவருக்குப் பிடிக்கவில்லை. "அவள் ஒரு விசரி. ரெண்டு பெடியளையும் விட்டிட்டுத் தகப்பனைப் போய்ப் பாக்கலாம்தானே" என்றார். படகுக்காரி வந்த மூன்று பக்கங்களையும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

"பேந்து அவள் எங்க போனவள்?"

"அது எழுதேல்லை சித்தி."

"ஏன் எழுதேல்லை?"

"தெரியேல்லை. அதைத்தான் நான் எழுதிறன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும்கூட நான் எழுதுவது தெரியாது. சித்தி மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப நல்லா எழுது" என்றார். அவ்வளவுதான். யாருக்கும் சொல்லவில்லை.

அந்த ஈஸ்டர் லீவில் குடும்பமாக மெல்பேர்னுக்குக் காரில் போனோம். அப்பாவின் நண்பருடைய மகளின் கல்யாணம். கல்யாணம் முடிந்த மறுநாள் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போவதாக இருந்தது. என் சிநேகிதிக்குச் சொன்னேன். தன் அம்மாவைக் கெஞ்சி அவளும் வந்தாள்.

கோயில் கன்ரீனில் ஒரு மேசையில் அவள் இருந்தாள். மெல்லிய, உயரமான பெண். பாவாடை தாவணி கட்டி, மேலே ஒரு சாம்பல் நிற ஹூடி போட்டிருந்தாள். நான் எதிரே போய் இருந்தேன். இருவருக்கும் ஒரு சொல் வரவில்லை. இரண்டு வருடம் ஓயாமல் கதைத்த ஒருத்தியிடம் "ஹாய்" என்பதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை. அப்போது என் பையில் இருந்த ஃபோன் அதிர்ந்தது. அவள்தான். எதிரே இருந்துகொண்டே மேசைக்குக் கீழே மெசேஜ் அனுப்பியிருந்தாள்: இது ரொம்பக் கொடுமையா இருக்கு, இல்ல?

நான் பதில் அனுப்பினேன். அவள் சிரித்தாள். அப்படியே அரைமணி நேரம், முகத்துக்கு முகம் இருந்துகொண்டு ஃபோனில் கதைத்தோம். நான்கு மேசை தள்ளி இருந்த இரண்டு அம்மாக்களும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான் என்று தலையாட்டிக்கொண்டார்கள். சித்தி ஒரு தட்டில் மசாலா தோசை கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தார். அவளுடைய தலையைத் தடவி, "நீதானோ இவளின்ரை சிநேகிதப்பிள்ளை?" என்று கேட்டார்.

"ஆமா ஆன்ட்டி" என்றாள் அவள், எழுந்து நின்று.

சிட்னிக்குத் திரும்பும்போது காரின் பின்சீட்டில் சித்தி என் காதுக்குள், "நல்ல பிள்ளையா இருக்கு. உன்னை மாதிரித்தான்" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஜூன் மாதம். நல்ல குளிர். வெளியே காயாத உடுப்புகளை என் அறையில் ஹீற்றருக்கு முன்னால் விரித்திருந்தோம். சித்தி தன் சப்பாத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். படகுக்காரிக்கு நீந்தத் தெரியுமா என்று நான் ஏதோ கேட்டேன், கதைக்காகத்தான். சித்தி சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டு, போரின் கடைசியில் தான் கடலேரியைக் கடந்த நாளைச் சொல்லத் தொடங்கினார்.

அவர் சொன்னதில் எவ்வளவு எழுதலாம் என்று இப்போது அவரிடமே கேட்டுத்தான் எழுதுகிறேன். தண்ணீர் கழுத்துவரை இருந்ததை எழுதலாம். அடையாள அட்டைகளையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு நீலப் பிளாஸ்ரிக் பேசினுக்குள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்ததை எழுதலாம். கூட வந்த ஒருவருக்கு அவர் செய்த ஒரு காரியத்தை எழுதக்கூடாது. ஆகவே எழுதவில்லை. அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "அக்காவுக்கும் இது தெரியாது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உனக்கு மட்டும்தான்" என்றார்.

"ஓம் சித்தி" என்றேன்.

அடுத்த மூன்று வாரங்கள் எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. வகுப்பில் கணக்குப் பாடத்துக்கு நடுவிலும் அந்தப் பேசின் மிதந்து வந்தது. எழுதினால்தான் தலையிலிருந்து இறங்கும் போலிருந்தது. எழுதினேன். படகுக்காரி ஏன் படகுக்காரி ஆனாள், ஏன் யாரிடமும் கூலி வாங்குவதில்லை என்று ஆறு அத்தியாயம். நகரம் மூழ்கும் நாளில் அவள் தண்ணீரைக் கடக்கிறாள். பேசின் இருந்தது. அந்தக் காரியமும் இருந்தது. சித்தியின் வார்த்தைகளை அப்படியே ஆங்கிலத்தில் வைத்திருந்தேன், ஏனென்றால் அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியவில்லை.

நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல கதை. எனக்குத் தெரியும். பெருமையாகவும் பயமாகவும் இருந்தது. தளத்தில் போடமாட்டேன் என்று தீர்மானித்திருந்தேன். ஆனால் ஒருவர்கூட வாசிக்காமல் இருப்பதையும் தாங்க முடியவில்லை. என் சிநேகிதிக்கு அனுப்பினேன். மின்னஞ்சலில் எழுதினேன்: இது சித்தி சொன்னது. எங்கேயும் போடமாட்டேன். நீ மட்டும் வாசி.

அவள் ஒரு மணிநேரத்தில் ஃபோன் எடுத்தாள். அழுதிருந்தாள். "நான் இனிமே எழுதவே மாட்டேன்டி. இதுக்கு மேல என்ன எழுதறது?" என்றாள். ஒரு கால்புள்ளியைக்கூடத் திருத்தவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். குசினியில் நாங்கள் மூவரும் இருந்தோம். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். சித்தி சிங்கில் இறால் துப்பரவாக்கிக்கொண்டிருந்தார். நான் மேசையில் வீட்டுப்பாடம். தமிழ் வானொலி போய்க்கொண்டிருந்தது. மரண அறிவித்தல்கள், ஒரு பழைய பாட்டு, பிறகு நேர்காணல். மெல்பேர்னில் இளையோருக்கான ஒரு சிறுகதைப் போட்டியில் முதற்பரிசு பெற்ற மாணவி என்றார் அறிவிப்பாளர். ஆங்கிலத்தில் எழுதிய கதையை அவருடைய தாயார் தமிழாக்கியிருக்கிறார், இப்போது அந்த மாணவியே வாசிப்பார் என்றார்.

வணக்கம் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. அவளுடைய குரல் எனக்குத் தெரியாதா. பரிசு கிடைத்ததை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். கதை எழுதி முடிக்கப் பழகிவிட்டாளே என்றுகூட நினைத்தேன்.

அவள் வாசித்தாள். படகுக்காரி இல்லை, மூழ்கிய நகரம் இல்லை. ஓர் இளம்பெண், ஓர் ஊர், ஓர் ஏரி. "தண்ணி கழுத்து வரைக்கும் வந்துச்சு. பேப்பர்ஸ் எல்லாத்தையும் ஒரு நீலக் கலர் பிளாஸ்டிக் டப்ல வெச்சுத் தள்ளிக்கிட்டே வந்தா" என்று வாசித்தாள்.

சிங்கில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. சித்தி அதை நிறுத்தினார்.

பிறகு அந்த இடம் வந்தது. சித்தி என் அறையில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னது, என் ஆங்கிலத்துக்குள் போய், அங்கிருந்து அவளுடைய அம்மாவின் கோயம்புத்தூர்த் தமிழுக்குள் போய், எங்கள் குசினிக்கே திரும்பி வந்தது. ஒரு சொல்கூடத் தவறவில்லை.

அம்மா வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்களைத் துடைத்தார். வெங்காயமா கதையா தெரியவில்லை. கோயில் கன்ரீனில் பார்த்த பிள்ளைதான் இது என்று அவருக்குப் பிடிபடவில்லை. "என்ன மாதிரி எழுதியிருக்கு அந்தப் பிள்ளை. அங்க இருந்த ஆக்கள் மாதிரியெல்லோ" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் சும்மா வாசிச்சுக்கொண்டிராம இப்பிடி ஏதும் எழுதலாம்தானே" என்றார்.

அறிவிப்பாளர் அவளிடம், இந்தக் கதை எப்படி மனதில் தோன்றியது என்று கேட்டார்.

"கற்பனைதாங்க" என்றாள் அவள். "நியூஸ்ல பார்த்ததை வெச்சு, நானா யோசிச்சேன்."

சித்தி இறாலை முடித்தார். ஒவ்வொன்றாக, அவசரப்படாமல். கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஆருக்குச் சொன்னனீ?"

"அவளுக்கு மட்டும்தான் சித்தி. அந்த மெல்பேர்ன் பிள்ளை. ஒருத்தருக்கும் காட்ட வேண்டாம் எண்டுதான்..."

"நானும் உனக்கு மட்டும்தான் சொன்னனான்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கட்டிலில் இருந்து தன் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டார். "கேஸில இதை நான் சொல்லேல்லை. இப்ப ரேடியோவில சொல்லியாச்சு. ஆரும் இவள்தான் அது எண்டு இமிக்றேஷனுக்குக் கொண்டுபோய்க் குடுத்தா நான் என்ன செய்யிறது?"

"ஒருத்தருக்கும் தெரியாது சித்தி. பேர் ஒண்டும் இல்லையே."

"எனக்குத் தெரியும்தானே" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடம் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் ஒரு பூங்காவில் வாங்குப் பலகையில் இருந்துகொண்டு அவளுக்கு ஃபோன் எடுத்தேன். அவள் எடுப்பாள் என்று நினைக்கவில்லை. எடுத்தாள்.

"கேட்டியா?" என்றாள். அந்த ஒரு சொல்லிலேயே அவள் பயந்திருந்தது தெரிந்தது.

ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"நான் அனுப்பலடி. எங்கம்மா என் லேப்டாப்ல பார்த்தாங்க. நான் எழுதினதுன்னு நினைச்சு உட்கார்ந்து அழுதாங்க. நான் எழுதறதை எல்லாம் டைம் வேஸ்ட்டுன்னு சொல்றவங்க. முதல் தடவையா என்னைக் கட்டிப்பிடிச்சாங்க. இல்லம்மா, இது என்னுது இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"பேந்து?"

"அவங்கதான் போட்டிக்கு அனுப்பினாங்க."

"படகுக்காரியை எடுத்தது ஆர்? உன்ரை அம்மாவோ?"

படகுக்காரியை அகற்றி, நகரத்தை அகற்றி, மிச்சத்தை அப்படியே விட்டு ஒட்டுப்போட்டது அவள்தான். அது ஓர் இரவிலோ ஒரு பகலிலோ தவறுதலாக நடக்கும் காரியமில்லை. வாரக்கணக்கில் இருந்து செய்யவேண்டிய வேலை. அந்த வாரங்களில் தினமும் என்னோடு ஃபோனில் கதைத்திருக்கிறாள்.

"கற்பனை எண்டு சொன்னியே" என்றேன். "சித்தி உனக்குத் தோசை தந்தவ. நீ அவவைப் பாத்தனீதானே."

அவள் குரல் மாறியது. ஆங்கிலத்துக்குப் போனாள். நீ அதை எங்கேயும் போடப்போவதில்லை என்று நீயே சொன்னாய் என்றாள். சும்மா கிடக்கப்போகிற ஒன்றுதானே என்றாள். பிறகு, மெதுவாக, எனக்கு இன்றுவரை மறக்காத ஒன்றைச் சொன்னாள். "அது மட்டும் என்ன, உன் கதையா?"

அவள் திருடி என்று சொல்லத்தான் ஃபோன் எடுத்திருந்தேன். அந்தச் சொல்லைச் சொன்னால் அது எனக்கும் பொருந்தும் என்று அப்போதுதான் விளங்கியது. பஸ்கள் இரண்டு போய்விட்டன. கடைசியில் நான் கெஞ்சினேன். பரிசுக் கதைகளைப் புத்தகமாகப் போடப் போவதாக வானொலியில் சொன்னார்களே, அதில் அந்தக் காரியம் வரும் ஒரு பந்தியை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். மிச்சக் கதையை அவளே வைத்துக்கொள்ளட்டும், யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். சித்தியின் வழக்கைப் பற்றிச் சொன்னேன்.

"எடுத்துடறேன்" என்றாள். "ப்ராமிஸ்டி."

வேறு யாரிடமும் முறையிடவும் எனக்கு வழி இருக்கவில்லை. அம்மாவிடம் சொன்னால் எது களவு போனது என்று சொல்லவேண்டும். போட்டி நடத்தியவர்களுக்கு எழுதினால் அவர்களுக்கும் சொல்லவேண்டும். யாரிடம் வாய் திறந்தாலும் சித்தியின் கதை இன்னொருவருக்குப் போகும்.

டிசம்பரில் சித்தி வீடு மாறினார். பெண்டில் ஹில்லில் தன்னைப் போலப் படகில் வந்த இரண்டு பெண்களோடு ஒரு வீடு. வேலைக்குக் கிட்ட என்று அம்மாவிடம் காரணம் சொன்னார். அம்மாவுக்கு அது விளங்கவில்லை. பல நாள் மனம் நொந்தார், தான் ஏதும் குறை வைத்தேனோ என்று. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. சித்தியின் கட்டிலைக் கழற்றி எடுத்த பிறகு என் அறை பழையபடி பெரிதாகிவிட்டது.

புத்தகம் 2013 தொடக்கத்தில் வந்தது. அப்பாவின் மெல்பேர்ன் நண்பர் சிட்னிக்கு வரும்போது ஒரு பிரதி கொண்டுவந்து தந்தார். இளம் பிள்ளைகள் எழுதியது, உங்கள் மகளும் வாசிக்கிறவள்தானே என்று. குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினேன். அந்தப் பந்தி இருந்தது. இருந்ததோடு மட்டுமல்ல, பக்கத்தின் நடுவில் ஒரு கட்டம் போட்டு, அந்த வரிகளை மட்டும் தடித்த எழுத்தில் தனியாக எடுத்துப் போட்டிருந்தார்கள். அவள் சொல்லிப் பார்த்தாளா, அவர்கள் மறுத்தார்களா, அவள் வாயே திறக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவள் பரிசு வாங்கும் படமும் இருந்தது. அதே சாம்பல் நிற ஹூடி இல்லை. பட்டுப்பாவாடை. அவளுடைய அம்மா பக்கத்தில் நின்று அவளுடைய தோளைப் பிடித்திருந்தார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. அப்படிச் சந்தோஷமாக இருந்தார்.

அன்றைக்கு அந்த இணையத்தளத்தில் இருந்த என் கணக்கை அழித்தேன். இருபத்துமூன்று கதைகள். ஒவ்வொன்றின் கீழும் அவள் எழுதியவை இருந்தன. எல்லாம் ஒரே அழுத்தலில் போயின. அவளுடைய எண்ணையும் எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு பின்னேரங்களில் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நூலகத்துக்குப் போனால் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காதலில் தோற்றவர்களைப் பற்றி நிறையப் புத்தகங்கள் இருந்தன. சிநேகிதி போய்விட்டவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. கோபம் ஒரு பக்கம். அவளோடு கதைக்கவேண்டும் போலிருந்தது இன்னொரு பக்கம். இந்த அநியாயத்தை யாரிடமாவது சொல்லி அழவேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் மனதில் முதலில் வந்த ஆள் அவளாகவே இருந்தாள்.

அந்த வருட நடுவில் தொடரின் கடைசிப் பாகம் வெளியானது. அன்று அவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. "படகுக்காரி திரும்ப வர்றாடி. கடைசி அத்தியாயம்" என்று மட்டும் எழுதியிருந்தாள். மூன்று வருடமாக இருவரும் காத்திருந்த செய்தி. நான் பதில் போடவில்லை. அந்தப் பாகத்தை இன்றுவரை வாசிக்கவுமில்லை.

சித்தியின் வழக்கு இழுபட்டது. விசாரணைக்கு முன்னால் தன் வழக்கறிஞரிடம் எல்லாவற்றையும், அந்தக் காரியம் உட்பட, அவரே சொல்லிவிட்டார் என்று அம்மா ஒருநாள் சொன்னார். எது என்று அம்மாவுக்கும் அப்போது சொல்லியிருந்தார். "இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லாம மனசுக்க வச்சிருந்திருக்கிறாள், பார்" என்று அம்மா அழுதார். வானொலியில் கேட்ட கதையை அம்மா இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. எனக்கு முன்பே தெரியும் என்று நானும் சொல்லவில்லை. அந்த வழக்கறிஞர், இதில் குற்றம் ஒன்றுமில்லை, அந்த நிலைமையில் யாரும் செய்திருக்கக்கூடியது என்றாராம். விசா கிடைக்க அதற்குப் பிறகும் சில வருடங்கள் ஆயின. வானொலியில் வந்ததை யாரும் எங்கேயும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

சித்தி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். என்னோடு நன்றாகத்தான் கதைப்பார். படிப்பைக் கேட்பார். பஸ் பிந்தியதைச் சொல்வார். தொழிற்சாலையில் புதிதாக வந்த மனேஜரைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார். என்ன வாசிக்கிறாய் என்று மட்டும் கேட்பதில்லை.

2013 கடைசியில் நான் கார் பழகிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை, பக்கத்தில் அப்பா, பின்னால் சித்தி. அவரைப் பெண்டில் ஹில்லில் விடப் போனோம். வழியில் அப்பா பெற்றோல் அடித்துவிட்டுக் காசு கட்ட உள்ளே போனார். கண்ணாடியில் சித்தியின் முகம் தெரிந்தது. நேரே பார்த்திருந்தால் கேட்டிருக்கமாட்டேன்.

"சித்தி, என்னோட கோவமோ?"

அவர் கைப்பையை மடியில் எடுத்து வைத்தார்.

"கோவம் இல்லை" என்றார். "அந்தப் பிள்ளையிலயும் எனக்குக் கோவம் இல்லை. சின்னப் பிள்ளையள். ஆனா இப்ப எதையும் கதைக்கேக்க ஒருக்கா யோசிச்சுத்தான் கதைக்கிறன். உன்னோட மட்டும் இல்லை. எல்லாரோடயும்தான்."

நான் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தேன். அப்பா மீதிச் சில்லறையோடு வந்து ஏறினார். "சந்தியில லெஃப்ட் எடு, கண்ணாடியைப் பாத்து எடு" என்றார். சித்தி பின்னாலிருந்து, தமிழ்க் கடையடியில் ஒருக்கால் நிற்பாட்டச் சொன்னார். முருங்கைக்காய் வந்திருக்கிறதாம்.